பன்னிரண்டு விரற்கடை

இரவு பதினொன்றுக்குக் கடை திறக்கிறோம்.
பட்சாஸ் கடை.
மாட்டின் இரைப்பையும் காலும் ஆறு மணி நேரம் வெந்த சூப்.
தெசலோனிக்கியில் குடித்தவன் தெளிய வருவான்,
தெளிந்தவன் வேலைக்குப் போகுமுன் வருவான்.
நான் ஸ்மாரோ. வெட்டுகிறவள்.
பத்தொன்பது வருடமாக.

பூண்டு ஊறும் வினிகர் ஜாடிக்குப் பின்னால்
ஈரம் படாமல் நிறுத்தியிருக்கிறேன் பாடநூலை.
செவிலியர் உதவியாளர் தேர்வு, ஜூன் மாதம்.
அத்தியாயம் ஏழு, செரிமான மண்டலம்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச்
சேர்த்த பணத்தில் சேர்ந்த வகுப்பு.
பாடமும் வாயில் தொடங்கி
வயிற்றுக்குத்தான் போகிறது.

பக்கத்து இருக்கை த்ரீதா அல்பேனியாக்காரி.
கண்ணை மூடி உருப்போடுவாள்.
'உனக்கென்ன,
உலகத்து டாக்டர்களுக்கெல்லாம்
உங்கள் மொழியில்தான் வயிறு வலிக்கிறது' என்பாள்.

அவளுக்கு அது பெயர்.
எனக்குப் பேச்சு.
பெயரென்றால் மனப்பாடமாகிவிடும்.
பேச்சு நின்று ஏதாவது கேட்கிறது.

சிறுகுடலின் தொடக்கத்துக்குப் பன்னிரண்டுவிரல்.
எந்தக் காலத்திலோ எவனோ
பிணத்தின்மேல் விரல் வைத்து அளந்திருக்கிறான்.
நானும் அளந்தேன், கடைக்கு வந்த மாட்டுக்குடலில்.
நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறியது.
'சட்டை தைக்கவா?' என்றார் முதலாளி த்ராசிவுலோஸ்.

அடுத்த துண்டுக்குப் பட்டினி என்று பெயர்.
திறந்த போதெல்லாம் காலியாகக் கிடந்ததாம்.
அதற்கடுத்தது சுருண்டது.
அப்புறம் குருடு,
ஒரு பக்கம் வழியே இல்லாதது.
கணையம், முழுக்கச் சதை.
களைத்துப்போன யாரோ
மாலை நேரத்தில் வைத்த பெயராக இருக்கும்.
இரைப்பையின் அடிவாசலில் நிற்கிறான்
ஒரு வாயிற்காவலன்.
அவனுக்கு ஷிஃப்ட் எப்போது முடியும்
என்று புத்தகத்தில் இல்லை.

பிப்ரவரி.
வர்தாரிஸ் காற்று கதவை உதைக்கிற நான்கு மணி.
டாக்சி ஓட்டும் சவ்வாஸ் வந்தான்.
வெறும் சாறு போதும் என்றான்.
நான்காய் மடித்த காகிதத்தை
வெட்டுப்பலகை ஓரம் வைத்தான்.
'நீ இந்தப் பாடம்தானே படிக்கிறாய்?'

கோலோஸ்டோமியா.

அவனுக்கு வாசிக்கத் தெரியும்.
அதுதான் கஷ்டம்.
ஸ்டோமா என்றால் எங்கள் குழந்தைக்கும் வாய்.
'வயிற்றில் எனக்கு ஒரு வாய் வைக்கிறார்களா, ஸ்மாரோ?
அதற்கும் சேர்த்துச் சம்பாதிக்கணுமா?'

'பெருங்குடலின் ஒரு பகுதியை
வயிற்றுச் சுவர் வழியே வெளிக்கொணர்தல்.'
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, கீழிருந்து இரண்டு வரி.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
அப்போது வரவில்லை.

கத்தியை வைத்தேன். கையைத் துடைத்தேன்.
தொப்புளுக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே,
அவன் கோட்டின்மேல் நான்கு விரலை வைத்தேன்.
'இங்கே. சட்டைக்குள்ளே.
ஒரு பை ஒட்டிக்கொள்ளும்.
தொட்டால் வலிக்காது, வலிக்கிற நரம்பு அதில் இல்லை.'
'பேசுமா?'
'சத்தம் போடும். சில சமயம் சர்ச்சில்கூட.'
'என் மச்சினன் மாதிரி' என்றான்.
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
சாறு ஆறி மேலே கொழுப்பு உறையும்வரை
இருவரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்தோம்.

எழுந்தபோது கேட்டான்,
'பட்சாஸ் சாப்பிடலாமா?'
ஏழாம் அத்தியாயத்தில் அது இல்லை.
'கேட்டுச் சொல்கிறேன்' என்றேன்.

ஜூனில் வந்தது கேள்வி பதினான்கு.
விளக்குக.
இரண்டு வரியை அப்படியே எழுதினேன்,
முழு மதிப்பெண்.
த்ரீதா என்னைவிட ஆறு கூட.

ஆகஸ்டில் சவ்வாஸ் வந்தான்,
மெலிந்து, இடுப்புத் தளர்ந்த கால்சட்டையில்.
டாக்டர் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றாராம்,
நன்றாக மென்று.
'எவ்வளவு சின்னதாக வெட்டட்டும்?'
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினான்.
'பூண்டு?'
'வேண்டாம். இரண்டு வாயும் நாறும்.'