முதல் பிட்

கொருக்குப்பேட்டை, இரண்டாம் மாடி.
பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்த
எட்டுக்குப் பத்து அறை.
சரக்கு ரயில் போய்த் தீரும்வரை
ஹெப்சிபா மைக்கின் முன் வாய் மூடி நிற்கிறாள்.
இன்று ஆட்டோ விளம்பரம்:
தண்டையார்பேட்டையில் புடவைத் தள்ளுபடி, மூன்றே நாள்.

பர்மா பஜாரில் அரை விலைக்குப் பேசி வாங்கிய
கன்வெர்ட்டர் நேற்றுதான் வந்தது.
அதன் முதுகில் மூன்று ஊசி சாக்கெட்,
ஐந்து வோல்ட் குரல்,
நூறு மீட்டர் போகுமாம்.
இங்கிருந்து ரயில்வே கேட் தாண்டி டீக்கடை வரை.
பக்கத்தில், மன்னிப்புக் கேட்பதுபோல,
ஒரு வட்ட ஓட்டை. அரை வோல்ட்.
எனக்கு வேண்டியது ஒன்றரை முழம்.

செத்துப்போன டிவிடி பிளேயரின் வயரை
அட்டைப்பெட்டியில் துழாவி எடுத்தேன்.
மஞ்சள்தான்.
சிவப்பையும் வெள்ளையையும் நம்ப முடியாது.

சொருகியதும் டிக், டிக்.
'யாரோ பல்லைக் கடிக்கிறா மாதிரி கீது' என்றாள்.
இரண்டு பெட்டிக்கும் தன் கடிகாரமே சரி.
ஒன்றை அடங்கிப் போகச் சொன்னேன், நின்றது.

மேனுவலில் முப்பத்தோராம் பக்கம்.
இரண்டு வழியிலும் ஓடுகிற ஒலி ஒன்றுதான்.
கூடவே ஓடுகிற விவரத்தில்
முதல் பிட் மட்டும் வேறு.
ஒன்று என்றால் ஸ்டூடியோ,
பூஜ்யம் என்றால் வீடு.
வீடாக இருந்தால் இன்னொரு பிட்டையும் பார்க்க வேண்டும்:
இவர்கள் நகல் எடுக்கலாமா, கூடாதா.
ஸ்டூடியோவை யாரும் கேட்பதில்லை.

பேசின் பிரிட்ஜ் அருகே, ராத்திரி பதினொன்று.
'எந்த ஏரியா?'
சொன்னேன்.
சீட்டைத் தூக்கச் சொன்னார்கள்.
மைக் ஸ்டாண்டைப் பிரித்துக் காட்டு என்றார்கள்.
எனக்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல் வந்தவன்
அண்ணா நகர் என்றான்,
போய்விட்டான்.

பெட்டியின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு.
நகத்தால் தள்ளினால் போதும்,
நாமும் ஸ்டூடியோ.
நகத்தை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

'எதுல வச்ச?'
'வீட்டுல.'
'அப்போ எப்டி ரெக்கார்டு ஆவுது?'
'நம்ம இன்டர்ஃபேஸ் சீப்பு.
அந்த பிட்டைப் படிக்கவே தெரியாது அதுக்கு.'

ஹெப்சிபா சிரித்தது முழுக்கப் பதிவாகிவிட்டது,
புடவைக்கும் தள்ளுபடிக்கும் நடுவில்.
வெட்டவில்லை.
நாளைக் காலை ஆட்டோவின் கூம்பு ஸ்பீக்கரில்
தெருத்தெருவாகப் போகும்.
இப்போது இன்னொரு கூட்ஸ் வருகிறது,
பொறு.