எழுபத்தெட்டு மீட்டர்

பதினோராயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது
என்றார் பக்கிரிசாமி.
சொல்லிவிட்டு மின்விசிறியை ஒரு எண் குறைத்தார்.

நாலு கணினி. அதில் ஒன்று
எடைமேடைக் கூண்டில், களத்துக்கு அந்தப் பக்கம்.
நாடாவைப் பிடித்து நானே நடந்து அளந்தேன்,
காய்கிற நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு:
எழுபத்தெட்டு மீட்டர்.
குறுக்கே போனால் அறுபதுதான்.
குறுக்கே லாரி போகிறது.

கேபிள் முழுப்பெட்டி வாங்கக் கட்டாது.
மன்னார்குடியில் ஒரு தட்டச்சுப் பயிலகம்
பாதியை எடுத்துக்கொண்டது.
மீதியை மடியில் வைத்துக்கொண்டு
நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்.
சரக்கு ரயில் போனது. பிறகு
எஞ்சின் மட்டும் எதையோ மறந்ததுபோல் திரும்பி வந்தது.
'துணி காயப்போடவாம்மா?' என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
ஆமாம் என்றேன்.

ஸ்விட்ச் பழசு. எட்டுத் துளை.
கும்பகோணத்தில் இழுத்து மூடிய ஒரு சீட்டுக் கம்பெனியிலிருந்து
அறுநூறு ரூபாய்க்கு வந்தது.
திறந்தால் உள்ளே செத்த எறும்புகள்,
போட்ட பணத்தைக் கேட்டுப் போனவர்கள்போல் வரிசையாக.
ஏழாவது துளைக்கு உயிர் இல்லை.
கணக்கெழுதும் தையல்நாயகி
கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து
அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.
'இதுல யாரும் சொருகாதீங்க.'

பக்கிரிசாமிக்கு நிலம் தலைஞாயிறில்.
பெயரில்தான் தலை; தண்ணீருக்கு அது கடைமடை.
அதனால் கேட்டதையே கேட்டார்:
'எல்லாரும் எடுத்தது போகத்தானே எடமேடைக்கு வரும்?'
இல்லை சார், நூறு மீட்டர் வரை எல்லாருக்கும் ஒன்றுதான்.
'மொற வைக்கணுமா?'
வேண்டாம் சார்.
'மதகு யாருகிட்ட?'
மதகே கிடையாது.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
அறுபது வருட ஆடி மாதங்கள் இருந்தன.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
எட்டு இழையையும் நாற்றுமுடிபோல் நுனி சேர்த்து
வெட்டி, செருகி, அழுத்தினால்
சோதனைப் பெட்டியில் ஆறாவது விளக்கு மட்டும்
தாண்டிப் போகிறது.
மறுபடி வெட்டு.
முனை ஒன்று எட்டு ரூபாய். மூன்று வீணானது.
அதை பில்லில் எழுதவில்லை.

இரும்புக் குழாய்க்கு வழியில்லை.
போர் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயைக்
களத்தோரம் ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம்.
வாயைச் சாக்கால் அடைக்கப் போனேன்.
'எலி முதல்ல சாக்கத்தான் திங்கும்க்கா' என்று
பாட்டில் சில்லைச் சிமெண்டில் குழைத்து வந்தான் குணாளன்.

குணாளன்தான் இத்தனை நாளும் அந்தக் கேபிள்.
எடைச்சீட்டைச் சட்டைப்பையில் பொத்திக்கொண்டு
களத்தைச் சுற்றி ஓடி வருவான்.
போன வருடம் மழையில் ஊறிய ஓர் எட்டை
மூன்றென்று படித்ததில் ஐநூறு கிலோ கணக்கு உதைத்தது.
மாதம் இருநூறாக
இன்னும் பிடிக்கிறார்கள் அவன் சம்பளத்தில்.

ஐப்பசி நாலு. வானம் கறுத்த சாயங்காலம்
முதல் லாரி மேடையேறியது.
தையல்நாயகியின் திரையில் 12,840 வந்து நின்றது.
அவள் விரலால் தொட்டாள்,
ஈரமாக இருக்குமோ என்பதுபோல்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் குணாளன்.
முழங்கால்வரை சேறு, கையில் சீட்டு.
'அதான் வந்துடுச்சேடா, ஏன் ஓடியாந்த?'
'என்ன வந்துச்சுன்னு பாக்கத்தான்.'
சீட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான்.
எட்டு எட்டாகவே இருந்தது.
'மொதலாளி, அந்தப் பிடித்தம்...'
பக்கிரிசாமி அண்ணாந்து விசிறியைப் பார்த்தார்.

வடக்கே மின்னியது.
மின்னல் காப்புக்குப் பதினோராயிரத்தில் இடமில்லை.
இடி கேட்டால் எதைப் பிடுங்க வேண்டும் என்று
அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன்.
கவனமாகக் கேட்டான்.
'பிடுங்குனப்புறம் எட எப்படிக்கா வரும்?'

முனைகள் வந்த பிளாஸ்டிக் உறை
என் பையில் காலியாகக் கிடந்தது.
வாய் மூடுகிற ரகம், தண்ணீர் புகாது.
அதை அவனிடம் கொடுத்தேன்,
சீட்டு வைத்துக்கொள்ள.