ஏழு வரை

செவ்வாய், வியாழன். மாலை நாலு பத்து.
டுலூத் நகரில், மேல்நிலைப் பள்ளியின் அடித்தளத்தில்
கொதிகலன் அறைக்கு அடுத்த அறை எங்களுக்கு.
சாவி என்னிடம். பிஸ்கட் பெட்டியும் என்னிடம்.
பதினொரு மாணவர்கள், ஆறு தன்னார்வலர்கள்
என்று விண்ணப்பத்தில் இருக்கிறது.
வருவது ஐந்தும் மூன்றும்.
மற்றவர்களுக்குச் சளி, ஹாக்கி, ஷிஃப்ட்.
ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள்:
"யாராவது பாத்துடுவாங்க."
கதவுக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினேன்.
மறுவாரம் வந்தாள் நயோமி பெல்லாஞ்சர்.
முதலில் அந்தச் செய்தித்தாளைத்தான் படித்தாள்,
போன வருஷத்து மீன்பிடிப் போட்டி முடிவுகளை,
எங்களுக்கு முதுகு காட்டி,
கடைசிப் பரிசு வரைக்கும்.

புதிதாய் வருகிற தன்னார்வலருக்கு
நான் சொல்வது ஒன்றுதான்.
பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால்
மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள்.
எடுத்துக் கொடுக்காதீர்கள்.
தலையசைக்காதீர்கள். பேனாவைத் தட்டாதீர்கள்.
ஏழு என்பது எவ்வளவு நீளம் என்று
அப்போதுதான் தெரியும்.

வெண்டலால் முடியவில்லை.
நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
இரண்டிலேயே சொல்லைப் போட்டுவிடுவார்.
"வழியில் ஏதாவது கிடந்தால்
தள்ளிவிட்டுத்தான் எனக்குப் பழக்கம்."
மேசைக்கடியில் அவர் விரல் மடக்கி எண்ணுவதை
நவம்பரில் பார்த்தேன்.
நாலு வரை வந்திருந்தார்.

கோர்வினுக்குப் பதினாறு வயது.
தூண்டில் கடையில் வேலை.
புழு டப்பாக்களை மூடியின் நிறத்தால் அறிவான்.
பத்தாம் வகுப்பு வரை எப்படி வந்தான்?
கண்ணாடியை மறந்து (கண்ணாடியே கிடையாது),
தொண்டை கட்டி, கழிப்பறைக்குப் போய்,
"நீங்க படிங்க, உங்க குரல் நல்லாருக்கு" என்று
ஆசிரியைகளைச் சிரிக்கவைத்து.
கத்தி என்று எங்கள் ஊரில் எழுதினால்
முன்னால் ஓர் எழுத்து வாயே திறக்காமல் நிற்கும்.
"இது சும்மா நின்னு சம்பளம் வாங்குது" என்றான்.
அன்று சிரித்தது நான்.

ஜனவரியில் ஒரு வியாழன்.
ஏரியிலிருந்து காற்று. பேருந்துகள்
மூன்று மணிக்கே கிளம்பிவிட்டன.
வெண்டல் எங்கோ தெருவில், வண்டியில்.
கோர்வின் மட்டும் வந்தான், காலுறை நனைந்து.
காலணியைக் கொதிகலன் பக்கச் சுவரில் சாய்த்தான்.
நிதி கேட்கும் படிவம் என் முன்னால்.
மறுநாள் கடைசி நாள்.
"அஞ்சு நிமிஷம்" என்றேன்.
எதிரே உட்கார்ந்தவன்
தனக்குத் தலைகீழாய்க் கிடந்த தாளில்
விரல் வைத்தான்.

"இந்தத்... திட்டம்... உதவுவது..."

தலைகீழாக! யாரும் கேட்காமல்!
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
அப்புறம்தான் பார்த்தேன்
அடுத்த சொல் என்னவென்று.

"தத்..."

ஒன்று. இரண்டு.
எட்டு வருஷத்தில் முதல்முறையாக
ஒரு சொல் வராமல் போகட்டும் என்று எண்ணினேன்.
மூன்று. பிஸ்கட் பெட்டியை நகர்த்தி மறைக்கலாம்.
நாலு. வேறொரு சொல்லை எடுத்துக் கொடுக்கலாம்,
வெண்டல் மாதிரி.
ஐந்து.

"தத்தளிக்கும்... மாணவர்களுக்கு."

சரியாகப் படித்தான்.
விரலை எடுக்கவில்லை.
"இது யாரு?"

நிதி கொடுப்பவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும்.
அது இல்லாத படிவத்தை
இரண்டாம் பக்கம் திருப்ப மாட்டார்கள்.
ஆறாயிரம் டாலர். புத்தகம், பிஸ்கட்,
நயோமி வீட்டுக்குப் போகும் பேருந்துச் சீட்டு.
எல்லாம் என் நாக்கு வரை வந்து நின்றது.

வெளியே பனிவண்டி ஒன்று
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது,
திரும்பி வந்தது.

அவன் எடுத்துக் கொடுக்கவில்லை.
தலையசைக்கவில்லை.
மேசைக்கடியில் விரல் மடக்கினானோ என்னவோ,
எனக்குத் தெரியவில்லை.
ஏழு எப்போதோ தாண்டிவிட்டது.