உப்பு

மலைக்குக் கிளம்ப இன்னும் நான்கு நாள்.
கட்டில்மேல் பரப்பி வைத்திருக்கிறாள் இமெல்டா:
விரல் தடிமனில் ஒரு வடிகுழல்,
ஒரு பட்டை குளோரின் மாத்திரை,
பேட்டரி போனால் வெறும் குச்சியாகிவிடும்
புற ஊதா விளக்கு.

மாத்திரை என்றால் அரை மணி காத்திருக்கணும்,
அப்புறமும் லாரித் தண்ணி வாசனை.
அதைக் குடிக்கவா அவ்வளவு தூரம் ஏறுவது?

குழலைச் சோதித்துப் பார்க்கச்
சமையலறைக் குழாயைத் திறந்தோம்.
கொட்டிவாக்கம், மூன்றாம் மாடி, போர் தண்ணீர்.
பையில் பிடித்து அழுத்த அழுத்தச்
சொட்டாய், பிறகு நூலாய்
பளிச்சென்று இறங்கியது தம்ளருக்குள்.

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.
"கிருமி போயிருக்கும்.
உப்பு அப்படியே இருக்குடா."

மேலே ஓடையில் மாடு இறங்கியிருக்கலாம்,
காட்டுப்பன்றி புரண்டிருக்கலாம்,
அதற்கெல்லாம் இந்தக் குழல் போதுமாம்.
எங்கள் தெருவுக்குத்தான் போதாது.

குழலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்,
எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையையும்.
விளக்கு எனக்காம், கரண்ட் போனால் பிடித்துக்கொள்ள.

அழைப்பு மணி.
கேன் போடும் பையன், தோளில் இருபது லிட்டர்.
முப்பத்தைந்து ரூபாய் கொடுத்தேன்.
எங்கே வடித்தது, எதில் வடித்தது,
நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.