ஒன்றாம் நம்பர் ரிமோட்

மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பெட்டியில்
ரிமோட் இரண்டு, வாலோடு.
ஒன்றாம் நம்பரில்
தொடங்க ஒரு பொத்தான், நிறுத்தவும் அதே பொத்தான்.
இரண்டாம் நம்பரில் அந்த இடம்
வழவழவென்று மொட்டையாக இருக்கும்.
அது எனக்கு.

ஊதினால்தான் கேசட் ஓடும்.
ஊதுவது ஆசீர் அண்ணன்.
அட்டையில் போட்டிருந்தது
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம்.
அவன் டியூஷன் போன மாலைகளில் உட்கார்ந்து எண்ணினேன்:
பதினொன்று.
மிச்சமெல்லாம் அதே பதினொன்றுதான்,
வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு.
"போட்டி, ஒனக்கு எண்ணத் தெரியல" என்றான்.

வாத்துச் சுடும் ஆட்டத்துக்குத் துப்பாக்கி வேண்டும்.
அன்று அவன் ஒன்றாம் நம்பரைப் பாயில் போட்டுவிட்டு
முட்டி போட்டுக் குறி பார்த்தான்.
கிடந்ததைச் சும்மா எடுத்தேன்.
இடது கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை.
வாத்து திரும்பியது.

மறுபடி அழுத்தினேன்.
மறுபடி.

சமாதானபுரத்தில் அந்தச் சித்திரை முழுக்க
ஒரு வாத்தும் சாகவில்லை.
புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து எழுந்து சிரித்தது.
"சவத்துத் துப்பாக்கி" என்று
மூன்று தரம் தரையில் தட்டினான்.
அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டாள்.
பாவாடை மடிப்பில் ரிமோட்டை மூடி
நான் ஆமென் சொன்னேன்.

கடைசியில் துப்பாக்கியை மஞ்சள் பையில் போட்டு
ஜங்ஷனுக்கு பஸ் ஏறினோம்.
பாலத்துக்கு முன்னால், அறுத்த வயலில்
நிஜ வாத்துகள், ஐந்நூறு இருக்கும்.
கம்பு நுனியில் கிழிந்த பாலித்தீன் கட்டி
ஒருத்தன் இடப்பக்கம் அசைக்க
மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்தது.
ஆறு வந்து, பாலம் வந்து, பாலம் முடிந்த பிறகும்
நான் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோ ரிப்பேர் கோமதிநாயகம்
நாலு திருகைக் கழற்றினார்.
உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி,
அதன் பின்னால் பொட்டளவு ஒரு கண்.
"இது சுடாது தம்பி, பாக்கும்.
விசைய அழுத்துனா டிவி ஒரு இமைப்பு இருட்டாவும்,
வாத்து மட்டும் வெள்ளையா நிக்கும்.
வெள்ளை தெரிஞ்சா செத்துச்சு,
தெரியாட்டி இல்ல. அவ்வளவுதான் சங்கதி."
கண்ணில் கோளாறு இல்லை என்று
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.
பிறகு என்னைப் பார்த்து,
"வெளையாடும்போது நீ எங்கட்டி இருப்ப?"

பின்னால, என்றேன்.

அன்று ராத்திரி ரிமோட்டைத் தொடவில்லை.
ஏழு வாத்து விழுந்தது.
யாரும் திருப்பாவிட்டால்
அதுகள் நேரே, மடத்தனமாகப் பறக்கின்றன.
ரிப்பேர்க்காரர் கெட்டிக்காரர் என்று
மூன்று வீட்டுக்குக் கேட்கச் சொன்னான் ஆசீர்.

போன புதன்கிழமை, பாளையங்கோட்டைப் பத்திர ஆபீஸ்.
அப்பா கட்டிய வீடு. விடுதலைப் பத்திரம்.
ஓசூரிலிருந்து ராவோடு ராவாகக் காரோட்டி வந்திருந்தான்.
"ஒரு கையெழுத்து, ஒரு ரேகை. அஞ்சு நிமிஷம்ட்டி."
பத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மேஜைமேல் சின்னதாய் ஒரு கருப்புப் பெட்டி.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்.
இதுவும் பார்க்கும், அவ்வளவுதான்.
"இடது கட்டைவிரல் வைங்க மேடம்."
வைத்தேன்.
"நகந்துட்டு. திரும்ப வைங்க."
வைத்தேன்.
கம்ப்யூட்டர் பையன் திரையை உற்றுப் பார்த்தான்.
வாசலில் ஆசீர் யாரிடமோ
முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"திரும்பவும் நகருது மேடம்."