எந்த ரூட்

போட்டோஸ்டாட் தாளுக்கு இருபது காசு,
கடிதம் தட்டச்சு செய்ய மூன்று வெள்ளி.
பாக்கியவதி கொண்டுவந்த காகிதம்
வியர்வையில் நான்காக மடிந்து
மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.
தோட்ட ஆபீஸ் முத்திரை. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.
ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே
யாரோ பேனாவால் அழுத்திக் கோடிட்டிருந்தார்கள்.

"ரூட்" என்று வாசித்தேன்.
"எந்த பஸ் ரூட்டு?" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.
பதினோரு மணி வெயில், செம்பனை மரத்தடி,
குத்துக்காலிட்டு உதிரிப் பழம் பொறுக்கியவளை
புதிதாக வந்த சின்னத் துரை
ஜீப்பில் இருந்தபடியே கூப்பிட்டிருக்கிறார்.
"காலு திமிர்த்துப்போச்சுங்க, நீங்க வாங்க"
என்றிருக்கிறாள்.

திமிர்.
மரத்துப்போன காலுக்கும் அந்தச் சொல்தான்,
வளையாத கழுத்துக்கும் அந்தச் சொல்தான்.
பக்கத்தில் நின்ற கிராணி
எதை எடுத்துச் சொன்னாரோ.

மலாய்க்காரர்கள் குராங் ஆஜார் என்பார்கள்,
சொல்லிக் கொடுத்தது பற்றவில்லையாம்.
அதற்குக் கத்தி எடுத்தவர்களும் உண்டு.
ஆங்கிலச் சொல்லைப் போனில் தேடிப் பார்த்தேன்.
பழைய லத்தீனில் அது திட்டே இல்லை:
உளி படாத கல்,
கலப்பை படாத நிலம்,
யாரும் இன்னும் வேலை செய்து முடிக்காத
பச்சைப் பொருள்.

சொன்னேன்.
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
முள் ஏறி உள்ளேயே தங்கிய கறுப்புப் புள்ளிகள்,
களைமருந்து தின்ற நகம்.
"எம்மேல படாதது எதுண்ணே?"

என்னிடம் பதில் இல்லை.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
இந்த ஊர்ப் பெயரே ஆபாசம் என்றுதானே
பெஸ்தாரி ஜெயா என்று பலகையை மாற்றினார்கள்.
"பலகையத்தானே" என்றாள்.

"எழுதுங்க" என்றாள் பிறகு.
"காலு மரத்துப்போச்சு. கூப்பிட்டது கேட்டுச்சு.
பத்து மணிக்கு வரவேண்டிய தண்ணி வரல.
அதையும் போடுங்க."
மன்னிப்பு என்று ஒரு வரி சேர்க்கவா என்றேன்.
"அது எத்தன வெள்ளி?"

கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்தவள்
என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்தாள்.
ஆங்கிலம் வாசிக்க வராது அவளுக்கு.
கோடிட்ட நாலு எழுத்தின் வடிவம் மட்டும்
கண்ணில் ஒட்டியிருந்தது போல.
"இதுவும் அதே சொல்லா?"

மரியாதை தெரியாதவர்களுக்கு
இங்கே சேவை கிடையாது.
நான் அச்சடித்து ஒட்டியதுதான்.

ஆமாம் என்றேன்.
தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.
யாரோ போனில் கேட்க,
ஐந்தடிப் பாதை அதிரும்படி
"பத்தாங் பெர்ஜுந்தாய்ல இருக்கேன்" என்றாள்,
ஒரு எழுத்தும் விழுங்காமல்.

அறிவிப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது.
லேமினேட் செய்தது,
நல்ல பசை.
கடை அடைக்கும்போது
ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்க்கிறேன்.
சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது.