ஒட்டிய கை

தமுக்கம் மைதானம்.
டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில்
பாரதக் கலை அரங்கு.
மூன்று நாளில் உள்ளே வந்தது
மழைக்கு ஒதுங்கிய ஆறு பேர்.

நாலாம் நாள் காற்றில்
வாசல் பரதப் பொம்மையின் வலக்கை
கழன்று சேற்றில் விழுந்தது,
அஞ்சாதே என்று நிமிர்ந்திருந்த கை.
ஒயர்மேன் நான்தான் ஒட்டினேன்,
எம்-சீல் வைத்து, இருட்டில்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

மறுநாள் நிற்க இடமில்லை.
தஞ்சாவூர்த் தட்டில் முகம் பார்த்து
ஒருத்தி பொட்டைச் சரிசெய்கிறாள்.
மதுபனி மீன்களை எண்ணி எண்ணி
ஒரு பையனுக்குக் கணக்குத் தப்புகிறது.
"விளம்பரம் யாருய்யா கொடுத்தது?"
வேர்க்க வேர்க்கக் கேட்கிறார் அதிகாரி ஜெயக்கொடி.

அப்பளம் நொறுக்கியபடி
செல்லூர்ச் சிறுமி சொன்னாள்:
"அந்த அக்கா வா வான்னு கூப்டாங்க."

போய்ப் பார்த்தேன்.
மணிக்கட்டு லேசாக மடிந்திருந்தது.
திருத்தலாம்தான்;
டார்ச்சில் பேட்டரி இல்லை என்றேன்.